பழுத்து உதிர்ந்த இலையா?

"பழுத்த இலை தானே உதிரும்" என்ற வாசகத்தை, பழைய சேவை ஏதேனும் மூடப்படும்போதெல்லாம் நம் மேடைகளில் யாராவது ஒருவர் சொல்லக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துப் பல வருஷங்களாகின்றன. அமெரிக்காவின் ஏ.ஓ.எல். நிறுவனம், வீட்டுத் தொலைபேசிக் கம்பியின் வழியாக முப்பது வருஷங்களுக்கு மேல் அளித்து வந்த டயல்-அப் இணையச் சேவையை 2025 செப்டம்பர் 30-ஆம் தேதி நிறுத்தியதைக் குறித்து அண்மையில் ஒரு கூட்டத்தில் பிரசங்கித்த பெரியவரும், அதே வாசகத்தைச் சொல்லிக் கரகோஷத்தோடு அமர்ந்தார்.

யாருமே உபயோகிக்கவில்லை என்றார். 2023-ஆம் வருஷத்து அமெரிக்கக் குடிக்கணக்கு மதிப்பீட்டின்படி, டயல்-அப் ஒன்றையே நம்பியிருந்த குடும்பங்கள் ஏறத்தாழ 1,63,000.

வேகம் போதாமல் மாண்டது என்றார். இதுவே எனக்குப் பொறுக்காத வாதம். வினாடிக்கு 56 கிலோபிட்டைத் தாண்டாத மந்தமான சேவைதான். மோடம் கிறீச்சிட்டுக் கரகரத்து ஒருவழியாக இணைந்த பிறகும், அடுத்த அறையில் யாரேனும் தொலைபேசியை எடுத்துவிட்டால் பாதி இறங்கிய கடிதம் அறுந்துபோகும் என்பதும் மெய்தான். ஆனால் கம்பி தொலைபேசிக் கம்பெனியுடையதாயினும், அதன் முனையில் பிறர் செய்த கருவியை இணைக்கலாம் என்று 1968-இல் கார்ட்டர்ஃபோன் வழக்கில் கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையம் தீர்த்துவைத்ததாலும், எந்த எண்ணை அழைத்தாலும் இணைத்துத் தருவது அக்கம்பெனியின் கடமையாக இருந்ததாலும், சிற்றூரில் சில மோடம்களை அடுக்கி வைத்தவரும் ஏ.ஓ.எல்.லுக்குப் போட்டியாக இணையச் சேவை நடத்த முடிந்தது. ஒருவரைப் பிடிக்காத குடும்பத்தார் வேறொரு எண்ணைச் சுழற்றினால் போதும். வேகமான கேபிள் வந்தபோது இந்த உரிமையும் கூடவே வந்திருக்க வேண்டாமா? வரவிடவில்லை. 2002-இல் அதே ஆணையம், கேபிள் இணையத்தைத் தகவல் சேவை என்று வகைப்படுத்தி, கம்பியைப் பிறருக்குத் திறந்துவிடும் கடமை கேபிள் கம்பெனிகளுக்கு இல்லாமற் செய்தது. கலிபோர்னியாவின் சான்டா மோனிகாவிலிருந்த பிராண்ட் எக்ஸ் என்னும் சிறு நிறுவனம் எதிர்த்து வழக்காடி, 2005 ஜூனில் உச்ச நீதிமன்றத்தில் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் தோற்றது. மாறுபட்ட தீர்ப்பெழுதிய நீதிபதி ஸ்காலியா, பீட்சாவை வீடு தேடிக் கொண்டுவந்து தரும் கடைக்காரன், 'நான் பீட்சா விற்கிறேனே தவிர, கொண்டுவந்து தரும் வேலை செய்யவில்லை' என்று சாதித்தால் எவர் ஒப்புவார் என்ற பொருள்பட எழுதினார். கேபிள் கம்பிகளும் வைத்திருந்த டைம் வார்னர் நிறுவனத்துடனான இணைப்பை 2000-இல் அறிவிக்கும் வரையில் கேபிளைத் திறந்துவிடச் சொல்லி வாதாடி வந்த ஏ.ஓ.எல்., சொந்தமாகவே கேபிள் கைக்கு வரப்போகிறது என்றதும் அக்கோரிக்கையைக் கைவிட்டது என்பதைப் பிரசங்கியார் வாய்திறந்து சொல்லவில்லை. காம்பை அறுத்துவிட்டு இலை பழுத்தது என்பது என்ன நியாயம்?

மாற்று வழிகள் தாராளம் என்றார். ஏழைக் குடும்பங்களின் இணையக் கட்டணத்தில் மாதம் 30 டாலர் வரை தாங்கி வந்த அரசாங்க மானியம், 2.3 கோடிக் குடும்பங்கள் அதைப் பெற்றிருந்த நிலையில், நிதி தீர்ந்து 2024 ஜூன் 1-ஆம் தேதி நின்றுபோயிற்று. அந்த 30 டாலரைக் குடும்பத்தின் கையிலிருந்தே கட்ட வேண்டியதாயிற்று.