போத்தல் மருந்தும் நமது வயிறும்



வீட்டில் எல்லோருக்கும் பரிமாறி, பாத்திரங்களையும் கழுவி வைத்த பிறகு மிஞ்சியதை உண்பது நம்மில் பலருக்குப் பழகிப் போன ஒன்று. காலையில் வெறும் தேநீர். மதியச் சாப்பாடு மூன்று மணிக்கு. விரத நாட்களில் அதுவும் இல்லை. வயிறு எரிந்தால் அலுமாரியில் இருக்கும் வெள்ளை நிறப் போத்தல் மருந்தில் இரண்டு மடக்கு. அத்துடன் மறுபடியும் வேலை.

மகளிர் சங்கக் கூட்டம் எங்கே நடந்தாலும் "எனக்குக் கேஸ்ட்ரிக்" என்று சொல்லும் பெண்கள் சிலராவது இருப்பார்கள். ஒரு வீட்டுக்கு வாங்கிய போத்தல் அயலிலுள்ள மூன்று வீடுகளுக்கும் சுற்றி வருவதைக் கண்டிருக்கின்றேன். அயலாருக்கு உதவுவது நல்ல பண்புதான். ஆனால் மருந்தைப் பகிர்வது மிளகாய்த்தூள் இரவல் கொடுப்பது போன்றதல்ல.

இந்த மருந்து என்ன செய்கின்றது?

வயிற்றில் சுரக்கும் அமிலத்தின் காரத்தை இது தணிக்கின்றது. பெரும்பாலான போத்தல்களில் அலுமினியம் ஐதரொட்சைட்டும் மக்னீசியம் ஐதரொட்சைட்டும் கலந்திருக்கும். அலுமினியம் மலச்சிக்கலை உண்டாக்கும். மக்னீசியம் வயிற்றோட்டத்தை உண்டாக்கும். ஒன்றை மற்றொன்று சமன் செய்யவே இரண்டையும் சேர்க்கின்றார்கள். வாயுத் தொல்லைக்காகச் சிமெத்திகோன் சேர்க்கப்படுவதும் உண்டு.

புண்ணின் மேல் ஒரு படை போலப் படிந்து அதைக் காக்கும் சுக்ரால்ஃபேட் என்ற மருந்தும் திரவமாக வருகின்றது. அதை வெறும் வயிற்றில், சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம் முன்பு குடிக்க வேண்டும். அமிலம் தணிக்கும் மருந்தையோ உணவுக்குப் பின்னர் குடிப்பது நல்லது. வெறும் வயிற்றில் குடித்தால் அதன் பலன் ஒரு மணித்தியாலம் கூட நிற்பதில்லை. சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துக் குடித்தால் மூன்று மணித்தியாலம் வரை நிற்கும். இரண்டு போத்தல்களும் வெள்ளையாக இருப்பதால் நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். லேபலில் உள்ள மருந்தின் பெயரைப் பாருங்கள். ஆங்கிலம் வாசிக்கச் சிரமமென்றால் மருந்தகத்தில் கேட்டு, தமிழில் ஒரு துண்டில் எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள்.

குடிக்கும் முறை

1. ஒவ்வொரு முறையும் போத்தலை நன்றாகக் குலுக்குங்கள். மருந்து அடியில் தங்கிவிடும். குலுக்காவிட்டால் முதலில் தண்ணீரும் கடைசியில் கெட்டியான மருந்துமே கிடைக்கும்.

2. போத்தலில் வாய் வைத்துக் குடிக்காதீர்கள். அளவும் தெரியாது, கிருமியும் சேரும். மருந்தோடு வரும் அளவு மூடியைப் பாவியுங்கள். தேக்கரண்டி என்றால் 5 மில்லிலீற்றர், மேசைக்கரண்டி என்றால் 15 மில்லிலீற்றர். வீட்டுக் கரண்டிகள் எல்லாம் ஒரே அளவானவை அல்ல.

3. உறைய விடாதீர்கள், வெயிலில் வைக்காதீர்கள். திறந்த திகதியைப் போத்தலில் எழுதி வையுங்கள்.

4. வெறும் போத்தலில் மண்ணெண்ணெயோ வேறு திரவமோ ஊற்றி வைக்காதீர்கள். சிறு பிள்ளைகள் மருந்தென்று குடித்துவிடுவார்கள்.

இடைவெளி மிக முக்கியம்

கர்ப்பிணித் தாய்மாருக்குக் கிளினிக்கில் இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கின்றார்கள். நெஞ்செரிவும் அக்காலத்தில் அதிகம். மாத்திரையையும் இந்த மருந்தையும் ஒன்றாகக் குடித்தால் இரும்பு உடலில் சரியாகச் சேராது. மாத்திரையைத் தவறாமல் குடித்தும் இரத்தம் கூடவில்லை என்று கவலைப்படும் தாய், அதை எதனோடு சேர்த்துக் குடிக்கின்றார் என்பதையும் பார்க்க வேண்டும். குறைந்தது இரண்டு மணித்தியால இடைவெளி விடுங்கள். தைரொயிட்டுக்குத் தைரொக்சின் குடிப்பவர்கள் நான்கு மணித்தியாலம் விட வேண்டும். சிப்ரோஃப்ளொக்சசின், டெட்ராசைக்கிளின் போன்ற கிருமி கொல்லிகளும் இதனோடு சேர்ந்தால் பலன் குறையும். ஆகவே வேறு மருந்து குடிப்பவர்கள் அதை டொக்டரிடமோ மருந்தாளரிடமோ சொல்லியே இதை வாங்க வேண்டும்.

சிறுநீரக நோயாளர்கள் இதைத் தாமாகக் குடிக்கவே கூடாது. அலுமினியமும் மக்னீசியமும் வெளியேறாமல் உடலில் தங்கிவிடும். வட மத்திய மாகாணத்திலும் வவுனியா போன்ற அயற்பகுதிகளிலும் 1990களிலிருந்து காரணம் தெளிவாகாத சிறுநீரக நோய் காணப்படுகின்றது. அப்பகுதிச் சகோதரிகள் இதை நினைவில் வைக்க வேண்டும். சில போத்தல்களில் சோடியம் அதிகம் என்பதால் பிரஷர், இருதய நோய் உள்ளவர்களும் கேட்டே வாங்க வேண்டும். சிறு பிள்ளைகளுக்கு டொக்டர் சொல்லாமல் கொடுக்க வேண்டாம்.

எரிவு அடங்கினால் புண் ஆறிவிட்டதா?

இல்லை. குடற்புண்ணுக்குப் பிரதான காரணங்கள் இரண்டு. ஒன்று ஹெலிக்கோபெக்டர் பைலோரி என்ற கிருமி. 1982இல் இதைக் கண்டறிந்த அவுஸ்திரேலியர்களான பரி மார்ஷல், ரொபின் வொரன் ஆகியோர் 2005இல் நோபல் பரிசு பெற்றார்கள். பரிசோதித்துக் கிருமி கொல்லி மருந்தை முழுமையாகக் குடித்தால் இது குணமாகும். மற்றையது டைக்ளோபெனக், இபுபுரோபன், அஸ்பிரின் போன்ற வலி மருந்துகள். முதுகு வலிக்கும் கால் வலிக்கும் கடையில் வாங்கி விழுங்கும் மாத்திரைதான் வயிற்றைப் புண்ணாக்குகின்றது. அந்தப் புண்ணுக்குத்தான் மறுபடி போத்தல் வாங்குகின்றோம்! ஆனால் இருதயத்துக்காக டொக்டர் கொடுத்த அஸ்பிரினை நீங்களாக நிறுத்தாதீர்கள், அவரிடம் பேசுங்கள்.

இரண்டு வாரமாகியும் போத்தல் இல்லாமல் முடியவில்லை என்றால் அது வைத்தியரிடம் போக வேண்டிய நேரம். தார் போன்ற கறுத்த மலம், இரத்தமாகவோ கோப்பித்தூள் போலவோ சத்தி, காரணமின்றி மெலிதல், விழுங்கச் சிரமம் இருந்தால் ஒரு நாளும் பொறுக்காதீர்கள். இரும்பு மாத்திரையாலும் மலம் கறுக்கும். ஆனாலும் தார் போல ஒட்டினால், தலை சுற்றினால் உடனே போக வேண்டும்.

இன்னொன்று: நெஞ்சில் அழுத்தம், வியர்வை, மூச்சு வாங்குதல், கை அல்லது தாடை வரை பரவும் வலி என்பன மாரடைப்பாக இருக்கலாம். பெண்களுக்கு அது வெறும் வயிற்று வலி, ஓங்காளம் போலவும் வரும். "கேஸ்ட்ரிக்தானே" என்று போத்தலைத் தேடாமல் 1990 என்ற இலவச அம்பியுலன்ஸ் சேவையை அழையுங்கள்.

கிளினிக்குக்குப் போனால் ஒரு நாள் கூலி போய்விடும், பிள்ளைகளைப் பார்க்க ஆளில்லை என்று நாம் தள்ளிப் போடுகின்றோம். இக்காரணங்கள் பொய்யல்ல. ஆனால் பிள்ளையின் காய்ச்சலுக்கு ஓடுகின்ற நாம், நமது நோய்க்கு மட்டும் நாள் பார்க்கின்றோம். தனியாக முடியாவிட்டால் சங்கத்தில் சொல்லுங்கள். ஒருவர் பிள்ளையைப் பார்க்க, ஒருவர் துணைக்கு வரலாம். அத்துடன், இன்றிலிருந்து எல்லோரோடும் சேர்ந்து உட்கார்ந்து, சூட்டோடு சாப்பிடுங்கள். அதற்குச் செலவு எதுவுமில்லை.