அம்மாவுக்கு மட்டும் வாயுவா?

அப்பாவுக்கு நெஞ்சு வலித்தபோது பத்து நிமிடத்தில் ஆட்டோ வந்தது. அம்மாவுக்கு மூச்சு வாங்கி, முதுகும் தாடையும் வலித்தபோது ஓமத்தண்ணி வந்தது. இரண்டுமே மாரடைப்புதான். அம்மா மாவு அரைத்து முடித்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்கே கிளம்பினாள். அங்கேயும் முதல் கேள்வி, "கேஸ் ட்ரபிளாம்மா?"

இதை அறியாமை என்று சொல்லித் தப்பிக்காதீர்கள். ஆஸ்பிரின் மாரடைப்பைத் தடுக்குமா என்று 1980களில் அமெரிக்காவில் நடந்த புகழ்பெற்ற ஆய்வில் 22,071 மருத்துவர்கள் இருந்தார்கள். ஒருவர்கூடப் பெண் இல்லை. பெண்களுக்கும் நெஞ்சுவலி வரும். கூடவே மூச்சுத்திணறல், குமட்டல், முதுகுவலி எல்லாம் ஆண்களைவிட அதிகமாக வரும். இதற்கு மருத்துவம் வைத்த பெயர் 'வழக்கத்துக்கு மாறான அறிகுறிகள்'. யாருடைய வழக்கம்? பாதி டேட்டாவைத் தூக்கிப் போட்டுவிட்டு மிச்சத்தை நார்மல் என்று நான் காட்டினால், ஆபீஸில் கோடை மூஞ்சியில் எறிவார்கள்.

அம்மாவுக்காவது ஆட்டோவுக்குக் காசு இருந்தது. எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் அக்கா அரசு ஆஸ்பத்திரி வரிசையில் நின்று ஈசிஜி எடுத்தால் அன்றைய கூலி போய்விடும். அதைப் பிடிப்பது யார்? நாமதான்.

"ஒண்ணுமில்ல, சரியாயிடும்" என்று அவர்கள் சொன்னால் நம்பாதீர்கள். அப்படிச் சொல்லப் பழக்கியதே நாம்தான். ஓமத்தண்ணியை வைத்துவிட்டு 108க்கு அடியுங்கள்.