சிப்ஸில் நச்சு: தீர்வு கிழங்கிலிருந்தே தொடங்குகிறது

உருளைக்கிழங்கை எண்ணெயில் பொரிக்கும்போது அக்ரிலமைடு என்ற வேதிப்பொருள் உருவாகிறது என்பதை 2002-ல் ஸ்வீடன் விஞ்ஞானிகள் வெளிப்படுத்தினர். இது புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1994-லேயே வகைப்படுத்தியிருந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2018 முதல் ஒரு கிலோ சிப்ஸுக்கு 750 மைக்ரோகிராம் என அளவுகோல் வைத்துள்ளது. அதைத் தாண்டினால் ஆலைகள் செய்முறையைத் திருத்த வேண்டும்.

இதற்குத் தீர்வாகப் பேசப்படுபவற்றில் ஒன்று, தயிரைப் புளிக்க வைக்கும் லாக்டிக் அமில பாக்டீரியா இனம். நறுக்கிய கிழங்கை இந்த பாக்டீரியா கலந்த நீரில் ஊறவைத்துப் பொரித்தால் அக்ரிலமைடு கணிசமாகக் குறைவதாக 2006-ல் நார்வே ஆய்வாளர்கள் கண்டனர். கிழங்கிலுள்ள குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் சர்க்கரைகளும் அஸ்பராஜின் என்ற அமினோ அமிலமும் 120 டிகிரிக்கு மேல் சூடாகும்போது வினைபுரிவதே நச்சுக்குக் காரணம். பாக்டீரியா அந்தச் சர்க்கரையைத் தின்றுவிடுகிறது. அது சுரக்கும் அமிலம் வினையை மந்தமாக்குகிறது. கொதிக்கும் எண்ணெயில் பாக்டீரியா செத்துவிடும். எனவே இப்படிச் செய்த சிப்ஸில் தயிரின் பலன் கிடைக்காது.

ஊறவைக்க நேரமும் நீரும் செலவும் ஆகும். அதைவிடச் சர்க்கரை குறைந்த கிழங்கை வாங்குவது ஆலைக்கு எளிது. சர்க்கரை மிகுந்த கிழங்கு பொரித்ததும் கருத்துவிடும். அந்த லோடு திரும்பி வந்தால் நஷ்டம் விவசாயிக்கே.

சிப்ஸுக்குப் பயிரிடுவோர், மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட குஃப்ரி சிப்சோனா போன்ற ரகங்களைத் தேர்வு செய்யலாம். முற்றாத கிழங்கில் சர்க்கரை அதிகம். அவசர அறுவடை வேண்டாம். விதைக்கிழங்கு வைக்கும் 2 முதல் 4 டிகிரி குளிர்கிடங்கில் வைத்தால் மாவுச்சத்து சர்க்கரையாக மாறும். சிப்ஸ் கிழங்குக்கு 10 முதல் 12 டிகிரி ஏற்றது. லோடு ஏற்றும் முன் சில கிழங்குகளை நறுக்கிப் பொரித்துப் பாருங்கள். பழுப்பேறினால் சர்க்கரை கூடியுள்ளது என்று அறியலாம்.

ஒப்பந்தத்தில் சர்க்கரை அளவும், அதை விவசாயி முன்னிலையில் சோதிக்கும் முறையும் எழுத்தில் இருக்க வேண்டும். சர்க்கரை குறைந்த கிழங்கு ஆலையின் செலவை மிச்சப்படுத்துகிறது. அந்த மிச்சத்தில் ஒரு பங்கைக் கூடுதல் விலையாகக் கேட்க விவசாயிக்கு உரிமை உண்டு. அதைக் கேட்கக் கற்றுக்கொடுப்பதும் விரிவாக்கப் பணியாளர்களின் வேலைதான்.