இலவசக் கணக்கு யாருடையது?

மைன்கிராஃப்ட் விளையாட்டின் கட்டணக் கணக்கை இலவசமாகத் தேடிப்போய் ஏமாறும் சிறுவர்களைப் பற்றிப் பேச்சு வந்தாலே, 'பேராசை பெருநஷ்டம்' என்று முடித்துவிடுவது நம்மவர் வழக்கம். எனக்கு இதில் உடன்பாடில்லை. அந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது என்ற கேள்வியையே இந்தத் தீர்ப்பு தப்பவிட்டுவிடுகிறது.

கணக்கு என்பது நிறுவனத்தின் வழங்கியில் இருக்கும் ஒரு பதிவு. 'கணக்கு உருவாக்கி' என்று உலவும் எந்த மென்பொருளாலும் வெளியிலிருந்து அதை எழுதிவிட முடியாது. ஆகவே இலவசமாக வந்த கணக்கு உண்மையிலேயே திறக்குமானால், பெரும்பாலும் அது இன்னொருவருடையது. வேறேதோ தளத்திலிருந்து கசிந்த மின்னஞ்சல், கடவுச்சொல் பட்டியலை ஒவ்வொன்றாக இங்கே பொருத்திப் பார்க்கும் நிரல்கள் இருக்கின்றன. எல்லா இடத்திலும் ஒரே கடவுச்சொல்லை வைத்திருந்த பிள்ளை அகப்பட்டுக்கொள்கிறான். நம் வீட்டுச் சிறுவன் 'கிடைத்துவிட்டது' என்று குதிக்கும்போது, பிறந்தநாள் பரிசாக அதைப் பெற்ற எவனோ ஒருவன் உள்ளே நுழைய முடியாமல் திரையின்முன் விழித்துக்கொண்டிருக்கக்கூடும்.

திறக்காத கணக்குகளின் கதை வேறு. 'நீ மனிதன்தான் என்று நிறுவு' எனக் கருத்துக்கணிப்புகளை நிரப்பவைப்பார்கள். தரகு தளக்காரருக்கு, சிறுவனுக்கு ஒன்றுமில்லை. இதையாவது பொறுத்துக்கொள்ளலாம். கொடியது, 'வைரஸ் தடுப்பை அணைத்துவிட்டுத் திற' என்ற குறிப்போடு வரும் கோப்பு. உலாவியில் சேமித்த கடவுச்சொற்களையும் குக்கிகளையும் அது அள்ளிச் செல்கிறது. அந்தக் குக்கி கையிலிருந்தால் பல தளங்கள் ஓடிபிகூடக் கேட்பதில்லை. வீட்டில் ஒரே கணினி என்றால் அப்பாவின் மின்னஞ்சலும் அதில்தான் இருக்கும். 2023 ஜூனில், பலரும் நம்பிய கர்ஸ்ஃபோர்ஜ் தளத்திலிருந்த மைன்கிராஃப்ட் துணைநிரல்கள் சிலவற்றிலேயே இத்தகைய திருட்டு நிரல் புகுந்திருந்தது. அவற்றை இறக்கியவர்களிடம் என்ன பேராசையைக் கண்டோம்?

தீர்ப்பெழுதுவோரிடம் ஒன்று கேட்கிறேன். அச்சில் இருக்கும் நாவலின் பிடிஎஃப் வாட்ஸப்பில் வந்தபோது எத்தனைபேர் திறக்காமல் விட்டோம்? (நான் மாணவர்களுக்கு அனுப்பியும் இருக்கிறேன்.) உழைத்தவனுக்கு ஒரு ரூபாயும் போகாமல் எடுத்துக்கொள்ளலாம் என்பதைச் சிறுவன் தெருவில் கற்கவில்லை.

ஆக்கியவர்களே மனமுவந்து தரும் இலவசமும் உண்டு. 2010இல் மைன்டெஸ்ட் என்று தொடங்கி 2024இல் லுவாண்டி எனப் பெயர் மாறிய திறமூல மென்பொருளில் இதேபோலக் கட்டை அடுக்கி உலகம் கட்டலாம். அதைக் காட்டினால், 'என் நண்பர்களெல்லாம் மைன்கிராஃப்டில்தானே இருக்கிறார்கள்' என்பான் சிறுவன். அதற்கு என்னிடம் பதிலில்லை.