சபையின் நாற்காலி யாருக்கு உரியது?

முட்டத்துக் கடற்கரையில் நின்று கரமடி இழுக்கப்படுவதை நோக்கியோர் ஓர் உண்மையை எளிதில் உணர்வர். கடலினுள் வளைத்து விடப்பட்ட வலையின் இரு கயிறுகளையும் கரையில் இரு வரிசையார் பற்றி இழுக்கின்றனர். ஒரு வரிசை முந்துமாயின் மடி கோணும். மற்றொன்று தளருமாயின் மீன் தப்பும். இரு வரிசையும் ஒத்து இழுக்க வேண்டுமெனின், வலையின் போக்கை நோக்கிக் குரல் கொடுப்பான் ஒருவன் வேண்டும். அவன் ஒரு வரிசைக்கு மட்டும் உரியவனாய் இருப்பானாயின், அவன் குரலை மற்ற வரிசையார் மதியார். நம் தேசத்து நாடாளுமன்றத்தின் அங்கத்தினரையும் தலைமையையும் குறித்துச் சில சொல்லப் புகுந்த நமக்கு, இக்காட்சியே தக்க முகவுரையாய் அமைகின்றது. ஆளும் வரிசையும் எதிர் வரிசையும் சபைக்கு இரு கயிறுகள். நாற்காலியில் வீற்றிருப்பவரே குரல் கொடுப்பவர். அந்நாற்காலி அரசாங்கத்துக்கு உரியதா, சபைக்கு உரியதா என்பதே நாம் ஆராயப் புகுந்த விஷயம்.

இரு சபைகளையுடைய சட்டமன்றம் நம் நாட்டார்க்குப் புதியதன்று. நம் கரை திருவிதாங்கூர் இராச்சியத்தைச் சேர்ந்திருந்த காலத்திலேயே அதனை நம் முன்னோர் கண்டனர். இந்திய சமஸ்தானங்களுள் முதன்முதலாக 1888-ஆம் ஆண்டில் ஒரு சட்டசபை அமைத்த பெருமை திருவிதாங்கூரையே சாரும். 1904-இல் ஸ்ரீமூலம் பிரஜா சபை கூடிற்று. 1932-இல் இயற்றப்பட்ட சீர்திருத்தத்தின்படி 1933 முதல் ஸ்ரீமூலம் சபை, ஸ்ரீசித்திரா ஸ்டேட் கவுன்சில் என இரு சபைகள் நடைபெறலாயின. முன்னதில் 72 அங்கத்தினர். பின்னதில் 37 அங்கத்தினர். உத்தியோகஸ்தரல்லாதாரே இரண்டிலும் பெரும்பான்மையோர். எண்ணிக்கையை மட்டும் நோக்குவார்க்கு அஃது ஒரு சிறிய பார்லிமெண்டாகவே தோன்றும்.

ஆயினும் இவ்விரு சபைகளுக்கும் அக்கிராசனர் யார்? மன்னரால் நியமிக்கப்பட்டு நாட்டை ஆண்ட திவானே! ஆட்சி நடத்துபவரும், அவ்வாட்சியைக் குறித்துக் கேள்வி எழுப்பலாமா கூடாதா என்று தீர்ப்பவரும் ஒருவரேயாயின், கேள்வி எழுப்புதற்குச் சபை எதற்கு? வாக்குரிமையோ நிலவரி செலுத்துதல் முதலிய தகுதிகளைச் சார்ந்திருந்தது. கடலையே தம் நிலமாய்க் கொண்டு வாழ்ந்த கரையோரத்தார்க்கு அத்தகுதி எளிதிற் கிட்டுவதன்று. ஈழவரும் கிறிஸ்தவரும் முஸ்லிம்களும் தங்களுக்கு நியாயமான பங்கு கிடையாதெனக் கண்டு தேர்தலினின்று விலகி நின்ற கிளர்ச்சி, நிவர்த்தனம் என்னும் பெயரால் சரித்திரத்தில் இடம் பெற்றது.

அச்சபையின் சரித்திரத்தில் ஒரு நிகழ்ச்சியை நாம் மறக்கலாகாது. ஸ்ரீமூலம் சபையின் துணை அக்கிராசனராகத் தெரிந்தெடுக்கப்பட்டிருந்தவர் ஸ்ரீ டி. எம். வர்கீஸ். சிறையினின்று விடுதலை பெற்ற ஸ்ரீ சி. கேசவனுக்கு 1937-இல் ஆலப்புழையில் அளிக்கப்பட்ட வரவேற்பில் அவர் தலைமை வகித்தார். அதன்பின் அவர்மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவரப்பட்டு, அவர் தம் ஸ்தானத்தை இழந்தார். தலைமை நாற்காலி திவானுடையதாயிருக்க, துணை நாற்காலி ஒன்றே சபையினுடையதாயிருந்தது. அதனையும் அதிகாரம் பொறுத்துக்கொள்ளவில்லை. துணை நாற்காலிதானே என்று இகழ்வோர் இதனைச் சிந்தித்தல் நலம்.

1947 செப்டம்பரில் பொறுப்பாட்சி அறிவிக்கப்பட்டது. 1948-இல் வயது வந்தோர் அனைவரும் வாக்களித்துத் தெரிந்தெடுத்த 120 பேர் கொண்ட சபை கூடிற்று. திவானின் இரு சபைகளும் மறைந்தன. 1956 நவம்பர் முதல் நாள் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் சென்னை இராஜ்யத்துடன் இணைந்தபோது, அங்கும் நாம் இரு சபைகளையே கண்டோம். அதன் மேல்சபை 1986 நவம்பரில் நீக்கப்பட்டது. இன்று நமக்கு எஞ்சிய இரு சபை அமைப்பு டில்லியிலுள்ள நாடாளுமன்றம் ஒன்றே.

அங்கு நம் பகுதியினின்று சென்றோர் சாமானியர் அல்லர். முதல் மக்களவைக்கு நாகர்கோவில் தொகுதியினின்று சென்றவர் ஸ்ரீ ஏ. நேசமணி. தாய்த்தமிழகத்தோடு இணைய வேண்டுமென்ற நம் மக்களின் வேட்கையை அங்கு எடுத்துரைத்த குரல் அவருடையது. 1957-இல் ஸ்ரீ தாணுலிங்க நாடார் சென்றார். 1962 முதல் மீண்டும் ஸ்ரீ நேசமணி இருந்து, 1968-இல் அப்பதவியிலேயே காலமானார். அவர் இடத்துக்கு 1969-இல் நடந்த இடைத்தேர்தலில் நம் மக்கள் ஸ்ரீ காமராஜரைத் தெரிந்தெடுத்தனர். விருதுநகரில் 1967-இல் தோற்ற ஒருவரைத் தம் பிரதிநிதியாய் ஏற்றுக்கொண்டதில் நம்மவர் ஊர்ப்பற்றினும் மேலான ஒன்றைக் கருதினர் எனலாம். பின்னர் ஸ்ரீ குமரி அனந்தன், ஸ்ரீ டென்னிஸ், ஸ்ரீ பொன். இராதாகிருஷ்ணன், ஸ்ரீ பெல்லார்மின் முதலாயினோரும், 2009-இல் தொகுதி கன்னியாகுமரி எனப் பெயர் மாறியபின் ஸ்ரீமதி ஹெலன் டேவிட்சன் முதலாயினோரும் சென்றனர். பல கட்சியினரையும் மாறி மாறி அனுப்பிய தொகுதி இது. ஆகவே நாம் கூறுவது ஒரு கட்சிக்குச் சார்பானதென்றோ மாறானதென்றோ கருதற்க.

மக்களவையின் 543 ஸ்தானங்களுள் தமிழ்நாட்டுக்குரியவை 39. மாநிலங்களவையிலோ நமக்கு 18. பின்னவரை நாம் நேரே தெரிந்தெடுப்பதில்லை. நாம் அனுப்பும் 234 சட்டமன்ற அங்கத்தினர் நமக்காகத் தெரிந்தெடுக்கின்றனர். எனவே சட்டமன்றத் தேர்தலில் முட்டத்து வாக்காளர் இடும் ஒரு வாக்கு, சென்னைக் கோட்டைக்கும் டில்லி மேல்சபைக்கும் ஒருசேரச் செல்கின்றது. இதனை அறிந்து வாக்களிப்போர் எத்துணையர்?

இரு சபைகளும் சமமானவை எனப் பொதுவாய்ச் சொல்லப்படினும், பண மசோதாவில் மாநிலங்களவைக்குப் 14 நாள் தவணையே உண்டு. ஒரு மசோதா பண மசோதாவா அன்றா என்பதை முடிவு செய்யும் அதிகாரம் மக்களவைச் சபாநாயகருக்கே அளிக்கப்பட்டுள்ளது. அவர் கையெழுத்தொன்றினால் மற்றொரு சபை தன் பலத்தை இழக்கக்கூடும். கட்சி மாறிய அங்கத்தினர் பதவி இழப்பரா என்பதையும், 1985-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, அந்தந்தச் சபையின் தலைவரே தீர்க்கின்றார். இத்துணை அதிகாரம் உடையவர் தம் கட்சியின் முகத்தை நோக்கி அமர்வாராயின், திவான் வீற்றிருந்த காலத்துக்கும் இக்காலத்துக்கும் வேற்றுமை யாது?

நல்ல முன்மாதிரிகள் இல்லாமலில்லை. மாநிலங்களவையின் முதல் தலைவராய் 1952 முதல் 1962 வரை வீற்றிருந்தவர், சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் பயின்ற தத்துவப் பேராசிரியர் சர்வபள்ளி இராதாகிருஷ்ணன். ஸ்ரீ சஞ்சீவ ரெட்டி 1967-இல் சபாநாயகரானவுடன் தம் கட்சியினின்று விலகினார். 2008-இல் சபாநாயகர் பதவியை விட்டிறங்குமாறு தம் கட்சி கேட்டபோது ஸ்ரீ சோமநாத் சாட்டர்ஜி மறுத்துவிட்டார். கட்சி அவரை நீக்கிற்று. நாற்காலி நிமிர்ந்து நின்றது. ஆனால் தனி மனிதரின் நற்குணத்தை மட்டும் நம்பி ஒரு தேசம் தன் சபையை நடத்தலாகாது.

அதற்காகவே அரசியலமைப்பை வகுத்தோர் ஓர் அரிய ஏற்பாடு செய்துள்ளனர். மக்களவை கூடியபின் இயன்ற விரைவில் சபாநாயகரையும் துணைச் சபாநாயகரையும் தன் அங்கத்தினருள்ளிருந்தே தெரிந்தெடுக்க வேண்டுமென 93-ஆம் பிரிவு விதிக்கின்றது. சபாநாயகர் பதவி விலக எண்ணினால் இராஜிநாமாவைப் பிரதம மந்திரியிடமோ குடியரசுத் தலைவரிடமோ கொடுப்பதில்லை. துணைச் சபாநாயகரிடமே கொடுக்கின்றார். துணைவர் சபாநாயகரிடம் கொடுக்கின்றார். சபையின் தலைமை சபைக்கு வெளியிலுள்ள எவருக்கும் கட்டுப்பட்டதன்று என்பதை இதனினும் தெளிவாய்க் கூறல் இயலுமோ? 1990 முதல் இத்துணைப் பதவியை ஆளும் அணியைச் சாராத ஒருவருக்கு அளிப்பதும் வழக்கமாயிற்று. 2014-இல் அதனை ஏற்றவர் நம் தமிழகத்து ஸ்ரீ தம்பிதுரை.

அத்தகைய நாற்காலி 2019 முதல் 2024 வரை நடந்த பதினேழாம் மக்களவையின் ஆயுள் முழுவதும் வெறுமையாய்க் கிடந்தது. 2024 ஜூனில் கூடிய பதினெட்டாம் மக்களவையிலும் முதல் ஆண்டு முழுவதும் நிரப்பப்படவில்லை. இயன்ற விரைவில் என்னும் சொற்களுக்கு ஐந்தாண்டு என்று பொருள் கூறும் அகராதி எதனையும் நாம் கண்டதில்லை.

‘சபை நடந்துகொண்டுதானே இருக்கிறது? தற்காலிகமாய் அமர்வோர் பட்டியல் ஒன்று உண்டே. இதனால் கடலோரத்து ஏழைக்கு என்ன நஷ்டம்?’ என்று வினவுவாருளர். அவர்க்கு நம் விடை இது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் நம் கடலில் வீசிற்று. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை முதலிய ஊர்களினின்று ஆழ்கடல் சென்றோருள் பலர் கரை திரும்பவில்லை. கடற்கரை முழுவதும் அழுகுரல் எழுந்த அந்நாட்களில் டில்லியில் இரு சபைகளும் கூடியிருக்கவில்லை. வழக்கமாய் நவம்பரில் தொடங்கும் குளிர்காலக் கூட்டம் அவ்வாண்டு டிசம்பர் 15-ஆம் நாளே தொடங்கிற்று. எச்சரிக்கை ஏன் உரிய காலத்தில் எட்டவில்லை, தேடும் கப்பல்கள் எத்துணைத் தூரம் சென்றன என்று மந்திரிகளை எழுந்து நிற்கச் செய்து கேட்கவேண்டிய இடம் இரு வாரம் பூட்டிக் கிடந்தது. சபை கூடும் நாளைக் குறிப்பதும் நடைமுறையில் மந்திரிசபையே. நாளும் அவர்களுடையது, நாற்காலியும் அவர்கள் விருப்பத்தைப் பொறுத்தது என்றாகுமாயின், நாம் அனுப்பும் அங்கத்தினர் எவ்வளவு வல்லவராயினும் என் செய்வார்? கடலில் காணாமற்போன ஒருவனைக் குறித்த கேள்வி ஒரு நாள் தாமதித்தாலும் அஃது அவன் குடும்பத்துக்கு ஓர் யுகம்.

ஆகவே நம் அபிப்பிராயம் இது: துணைச் சபாநாயகரைத் தெரிந்தெடுப்பதற்கு நாட்கணக்கில் ஒரு வரம்பு சட்டத்திலேயே குறிக்கப்படல் வேண்டும். கூட்டத் தொடர்கள் தொடங்கும் நாட்களும் ஆண்டின் முதலிலேயே அறிவிக்கப்படல் வேண்டும். நாட்டில் பேரிடர் நேர்ந்தவிடத்து, அங்கத்தினருள் ஒரு பகுதியார் வேண்டினால் சபை கூட்டப்படுதற்கும் வழி அமைதல் வேண்டும். இவை ஒரு கட்சியை வீழ்த்தவோ மற்றொன்றை உயர்த்தவோ சொல்லப்படுவன அல்ல. இன்று ஆளும் வரிசையில் இருப்போர் நாளை எதிர் வரிசையில் அமர்வர். அன்று இவ்விதிகள் அவர்க்கும் அரணாம்.

இறுதியாக நம் மாணவ நண்பர்க்கு ஒரு சொல். நீங்கள் விடுமுறையில் ஊர் செல்லும்போது, வாக்குக் கேட்டு வருவோரிடம் சாலையும் தூண்டில் வளைவும் கேட்பது முறையே. அவை நமக்கு வேண்டியவை. அவற்றோடு மூன்று கேள்விகளையும் கேளுங்கள். சபை கூடிய நாட்களுள் நீர் எத்தனை நாள் சென்றீர்? எங்கள் கடலைக் குறித்து என்ன வினவினீர்? வெறுமையாய்க் கிடந்த நாற்காலியை நிரப்புக என்று, உம் கட்சி ஆளும் வரிசையில் இருந்தபோதும், எழுந்து நின்று சொன்னீரா? மூன்றாவது கேள்விக்குத் தலை நிமிர்ந்து விடை கூறும் அங்கத்தினரை அனுப்பக் கற்றுக்கொள்வோமாயின், திவானின் சபையைக் கண்ட நம் முன்னோர் பட்ட பாடு வீணாகாது.