கல்லூரி ஆசிரியருக்கும் பயிற்சி வேண்டும்

பத்தாம் வகுப்புக்குக் கணக்குப் பாடம் எடுக்க பி.எட். வேண்டும். அதே மாணவருக்குக் கல்லூரியில் பாடம் எடுக்கப்போகிறவர் முதுகலையுடன் நெட் அல்லது செட் தகுதித் தேர்வில் தேறியிருந்தாலோ முனைவர் பட்டம் பெற்றிருந்தாலோ போதும். நெட் முதல் தாளில் கற்பித்தல் திறன் பற்றிய கேள்விகள் உண்டு. ஆனால், சரியான விடையைத் தேர்ந்தெடுப்பது வேறு, வகுப்பில் நின்று பாடம் நடத்துவது வேறு.

1986 கல்விக் கொள்கையை ஒட்டிப் பணியிடைப் பயிற்சிக் கல்லூரிகள் தொடங்கப்பட்டன. இன்று அவை மாளவியா மிஷன் பயிற்சி மையங்கள். பெயர் மாறியும், பதவி உயர்வுக்குச் சான்றிதழ் பெறும் இடமாகவே பலர் அவற்றைப் பார்க்கிறார்கள். சொற்பொழிவைக் கேட்டுவிட்டுத் திரும்பும் ஆசிரியர், தாமும் சொற்பொழிவே ஆற்றுகிறார்.

ஆசிரியர் பயிற்சியின் பாடத்திட்டம் வகுப்பறையிலிருந்து எழுதப்பட வேண்டும். தமிழ்வழியில் படித்து வந்த முதலாண்டு மாணவி, ஆங்கிலத்தில் சொல்லப்படும் குறிப்பைப் புரியாமலே எழுதிக்கொள்கிறாள். அவளுக்கு வெப்ப இயக்கவியலை எப்படிச் சொல்வது? புதிய ஆசிரியர் அதை நடத்திக் காட்ட வேண்டும். மூத்தவர் ஒருவர் கடைசி பெஞ்சில் அமர்ந்து கவனித்துக் குறை சொல்ல வேண்டும். மனப்பாடத்தைச் சோதிக்காத வினாத்தாள் தயாரிப்பதும், விடைத்தாள் திருத்துவதும் பயிற்சியில் இடம்பெற வேண்டும்.

முனைவர் பட்ட ஆய்வாளர்கள் கற்பித்தலிலும் பயிற்சி பெற வேண்டும் என்கிறது பல்கலைக்கழக மானியக் குழுவின் (யூஜிசி) 2022 விதிமுறை. பல்கலைக்கழகங்கள் அதை ஏட்டளவில் நிறுத்திவிடக் கூடாது. அரசுக் கல்லூரிகளைத் தாங்கி நிற்கும் கௌரவ விரிவுரையாளர்களுக்குப் பதவி உயர்வே கிடையாது; அதற்காகப் பயிற்சிக்குப் போகும் தேவையும் எழுவதில்லை. அவர்களுக்கும் இப்பயிற்சியை ஊதியத்துடன் அரசு அளிக்க வேண்டும்.