மாத்திரை மலிவு, பரிசோதனைக்கோ ஒரு நாள் கூலி!

இருதய வியாதி பணக்காரர் வியாதி, பாடுபடுகிறவனுக்கு அது வராது என்று பலர் நினைக்கிறார்கள். இது தவறு. ஏழையைத் தேடி வரும் இருதய வியாதி ஒன்று உண்டு.

ஒரே அறையில் ஏழெட்டுப் பேர் முடங்கிக் கிடக்கும் வீட்டில் ஒரு குழந்தைக்குத் தொண்டைப் புண் வருகிறது. வைத்தியம் இல்லாமல் விட்டால் சிலருக்கு அது வாத ஜுரமாக மாறுகிறது. மூட்டு வலி போய்விடும். ஆனால் இருதய வால்வு கெட்டுவிடும். ஆண்டுகள் கழித்து, உழைக்க வேண்டிய வயதில், வால்வு சுருங்கி, இருதயத்தின் மேலறை வீங்கி, ஒழுங்காகத் துடிப்பதற்குப் பதில் நடுங்குகிறது. நாடி தாறுமாறாக ஓடுகிறது. அந்த அறையில் ரத்தம் தேங்கி உறைகிறது. உறைந்த கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம்! சம்பாதிக்கும் கை விழுந்தால் குடும்பமே விழுகிறது.

இதற்கு மருந்து இல்லையா? இருக்கிறது. நாடியின் வேகத்தை அடக்க மாத்திரை உண்டு. ரத்தம் உறையாமல் தடுக்க வார்ஃபரின் உண்டு. 1954 முதல் மனிதருக்கு வழங்கப்படும் பழைய மருந்து, விலையும் சொற்பம். விலை கூடிய புது மருந்தல்லவா மேல் என்று கேட்பீர்கள். 24 நாடுகளில் இதே வியாதி உள்ள 4,500 பேருக்கு மேல் இரண்டையும் கொடுத்துப் பார்த்தார்கள். முடிவு 2022-ல் வெளிவந்தது. புதிய ரிவரொக்சபானைவிட, பழைய வார்ஃபரின் சாப்பிட்டவர்களிடையே சாவு குறைவு!

அப்படியானால் தொல்லை எங்கே? வார்ஃபரின் அளவு கூடினால் ரத்தம் கசியும்; குறைந்தால் உறையும். ஆகவே அடிக்கடி ரத்தத்தைச் சோதிக்க வேண்டும். சோதனைக்குப் பட்டணத்து ஆஸ்பத்திரிக்குப் போனால் பஸ் செலவு, அன்றைய கூலி இரண்டும் போச்சு. மில் தொழிலாளிக்காவது 1952-ல் தொடங்கிய இ.எஸ்.ஐ. திட்டம் இருக்கிறது. நாற்று நடுகிற பெண்ணுக்கு என்ன இருக்கிறது? இரண்டு தடவை போவாள். மூன்றாம் தடவை நின்றுவிடுவாள். "மருந்தை ஒழுங்காகச் சாப்பிடாதவள்" என்று பழி மட்டும் அவள் தலையில்!

நாம் கேட்பது அதிகமல்ல. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இந்த ரத்தப் பரிசோதனை வேண்டும். சோதனை நாளுக்குக் கூலி வேண்டும். வாத ஜுரம் கண்ட குழந்தைகளுக்கு மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை போட வேண்டிய பென்சிலின் ஊசி தடையின்றிக் கிடைக்க வேண்டும்.

தோழர்களே! குழந்தையின் தொண்டை வலியை அலட்சியம் செய்யாதீர்கள். நாடி தாறுமாறாக ஓடினால் உடனே டாக்டரிடம் காட்டுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். சங்கக் கூட்டத்தில் கூலியோடு இதையும் பேசுங்கள். உயிர் இருந்தால்தானே கூலி!